முழங்காலளவு கடல்

எழுபதுகளில், மெல்பேர்னில், ட்ராம் மணி கேட்கும் தெருவொன்றில், சின்னப் பயணக் கந்தோரில் இருந்துகொண்டு நான் பிஜித் தீவுகளை விற்றேன். பிஜியை நான் கண்டதில்லை. நீயும் தீவுக்காரன்தானே, விளம்பரத் தாளில் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுது என்றார் முதலாளி.

வெளியே குளிர்மழை. கண்ணை மூடினேன். பவளத்திட்டு, தென்னை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். பிறகு கை தன்பாட்டில் ஓடியது: இங்கே பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு தீவுக்குத் தீவு நடந்தே போகலாம், கடல் முழங்காலளவுதான்.

அச்சாகி வந்த தாளோடு ஒரு தையல்காரி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது தாண்டியவள். சின்ன வயதில் தமையனைக் கடல் கொண்டுபோனதாம். அதற்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததேயில்லை. அந்த வரியில் விரலை வைத்து, இது மெய்தானே என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பிஜி இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு இடையிலே கிடக்கும் எங்கள் ஆழமில்லாத பரவைக்கடல்.

அவள் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் பிஜிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள்.

"ஐசே, ஊர்க்கடலைக் கொண்டுபோய் பிஜியில ஊத்திப்போட்டீர். மனிசி அங்க தண்ணியில தாழப்போகுது," என்றார் அன்றிரவு, என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர். அவர் சிரித்தார். எனக்கு இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை.

மூக்குத்தோல் வெயிலில் உரிந்து, அவள் திரும்பி வந்தாள்.

"உன் கடல் அங்கே இல்லை," என்றாள்.

தாளைக் கரையெல்லாம் காட்டிக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். மறுநாள் கடல் வற்றும் நேரம், ஹோட்டல் குசினியில் சமைக்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அந்த மண்ணின் பிள்ளை. மற்றவள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் பேத்தி. ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பவளத்திட்டு வழியே கூட்டிப்போனார்கள். நீலமீன்கள் கணுக்காலைச் சுற்றின. தண்ணீர் மெல்ல முழங்காலுக்கு வந்தது.

"தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது, வா என்றார்கள். நான்தான் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன் என்றேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் பேனையை என் பக்கம் தள்ளினாள்.

அந்த வரியை வெட்டிவிட்டு எழுதினேன்: கடல் வற்றும் நேரம், இரண்டு பேர் கையைப் பிடித்தால், நடக்கலாம்.