உடையப்போகிற முட்டையின் விலை

போன வருஷம் மாங்காய் சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், திருப்பதி ஊருக்கு வெளியே ஒரு முட்டை கோடவுனில் இது நடந்தது. அன்றைக்கு நான் பார்த்ததையும் கேட்டதையும் என் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு சரக்கு வேன் இருக்கிறது. தெருவில் பார்த்தால் "குட்டி யானை" என்று சொல்வீர்களே, அதேதான். சித்தூர் மார்க்கெட் பக்கத்து ஸ்டாண்டில் நிற்பேன். யார் கூப்பிட்டாலும் போவேன். ஒருநாள் தக்காளி, ஒருநாள் கல்யாண வீட்டுப் பாத்திரம், ஒருநாள் வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ. நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் கூட்டலும் கழித்தலும் எனக்கு நன்றாக வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. காக்கிச் சட்டையில் இரண்டு பாக்கெட் இருக்கும். வாடகை கையில் வந்ததும் டீசலுக்கு ஆகும் பணத்தை வலது பாக்கெட்டில் வைப்போம். மிச்சம் முழுவதும் இடது பாக்கெட்டுக்குப் போகும். இடது பாக்கெட் வீட்டுக்கு. அவ்வளவுதான் கணக்கு. திரும்பி வரும்போது வண்டி காலியாகத்தானே வருகிறது, கிடைத்தது லாபம் என்று, டீசல் காசு மட்டும் கொடுத்தால் கூட மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவோம். அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று வந்து தலையில் விழும். டயர் தேய்ந்துவிட்டது என்பார்கள். கிளட்ச் பிளேட் போய்விடும். இன்சூரன்ஸ் கட்ட வேண்டிய நாள் வந்து நிற்கும். அப்போது கையில் காசு இருக்காது. மைத்துனரிடம் ஓடுவேன். "டைம் பாகலேது" என்று ஸ்டாண்டில் தெலுங்கில் சொல்லிக்கொள்வோம், நேரம் சரியில்லை என்று. நான் சபையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தக் கெட்ட நேரத்தை எடுத்துப்போடும்" என்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். கெட்ட நேரம் ஏன் சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு வருஷமும் வருகிறது என்று ஒருதடவையும் யோசித்ததில்லை.

கடைசியாக நாலு டயரும் ஒன்றாகப் போனபோது என் மனைவி ஒரு முடிவு சொல்லிவிட்டாள். அடுத்த முறை டயருக்குக் கடன் வாங்க வேண்டி வந்தால், வண்டியை விற்றுவிட்டு, சத்தியவேடு பக்கம் கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட வேண்டும். அங்கே மாதச் சம்பளம், தங்க இடம் எல்லாம் கொடுப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வர முடியும். என் சின்ன மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. தினம் சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருவாள். அவள் ஓடி வருவதைப் பார்க்காமல் வாரம் முழுவதும் எப்படி இருப்பது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் முட்டை லோடு பற்றிக் கேள்விப்பட்டேன். சித்தூர் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து திருப்பதி கோடவுனுக்கு தினம் ஒரு நடை. அங்கிருந்து ஹாஸ்டல்களுக்கும் கடைகளுக்கும் முட்டை போகும். நிலையான வேலை. இது கிடைத்தால் சத்தியவேடு போக வேண்டாம். கிடைக்காவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும்.

கோடவுனை நடத்துகிறவர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் தாராளமாகப் பேசுவார். நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து, முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கேட்கிறீர்கள் என்றார். மற்ற வண்டிக்காரர்கள் ஆயிரத்து ஐந்நூறு சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியும். நான் ஆயிரத்து நானூறு என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து ஆயிரத்து முந்நூறு என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆயிரத்து இருநூறு என்றேன். அவர் கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாண்ணா, கீழயே எறங்கிக்கினு போறீங்க? நான் வேணாம்னு சொன்னது ரேட்டு ஜாஸ்தின்னு இல்ல. கம்மின்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாடகை குறைவாக இருக்கிறது என்று வேலை தர மறுத்தவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அவர் ஒரு அட்டையை என் முன்னால் தள்ளினார். முப்பது முட்டை. இதில் எத்தனை முட்டைக்கு நான் காசு வாங்குகிறேன் சொல்லுங்கள் என்றார். முப்பதுக்கு என்றேன். இல்லையாம். எவ்வளவு பார்த்து ஏற்றினாலும் வழியில் சில முட்டை உடையும். எது உடையும், என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உடையும் என்று மட்டும் தெரியும். அதனால் உடையப்போகிற முட்டையின் விலையை உடையாத முட்டைகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுவார்களாம். முட்டை வியாபாரம் முழுக்க அப்படித்தானாம். உடைந்த பிறகு ஐயோ என்று உட்கார்ந்தால் மூன்றே மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான் என்றார்.

பிறகு என் வண்டியின் முன் சக்கரத்தைக் காட்டி, இந்த டயருக்கு எந்த நடையில் காசு வைத்தீர்கள் என்று கேட்டார். டயர் போகும்போது வாங்கிக்கொள்வோம் என்றேன்.

"டயர் ஒருநாள்ல போறதில்லண்ணா. தினம் போய்க்கினே இருக்குது. நீங்க அதுக்கு காசு வைக்கலன்னா, ஒருநாள் பாகாலா ரோட்ல வெயில்ல வண்டி நிக்கும். உள்ள என் முட்டை இருக்கும். எல்லாத்தையும் சேத்து ஒரு ரேட்டு போட்டுக்கினு திங்கக்கெழம வாங்க. அப்போ பேசலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில். தினம் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே போகிறது?

எங்கள் வீடு ஷீட் போட்ட வீடு. காற்றுக்குப் பறக்காமலிருக்க, தேய்ந்துபோன பழைய டயர்களைக் கூரைமேல் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் அதில் ஒன்றை இறக்கித் துடைத்தேன். உள்ளே காய்ந்து கிடந்த சருகையும் தட்டினேன். அதைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பக்கத்து டயர் கடையில் அதே அளவில் ஒரு புது டயரைக் கொஞ்ச நேரம் கொடுங்கள், எடை போட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, டயர கிலோ கணக்குல வாங்கப் போறியா?"

இருந்தாலும் கொடுத்தார். தராசில் முதலில் புதியதை வைத்தோம், பிறகு பழையதை. ஒரு கிலோவுக்கும் மேல் குறைந்தது. நாலு டயருக்கும் சேர்த்தால் நாலு கிலோவுக்கும் மேல். கிண்டல் செய்த டயர் கடைக்காரரும் குனிந்து தராசைப் பார்த்தார். இரும்புக் கடைக்காரர் மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை கறுப்பு ரப்பர் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. வெட்டி எடுக்கவில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ரோட்டில், ஒவ்வொரு உருளலுக்கும் ஒரு தூசி அளவு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. நான் அதன் மேலேயே உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வண்டியின் பின்பக்கம் நானும் மனைவியும் ஏறி உட்கார்ந்தோம். மகளின் சாக்பீஸை வாங்கி, வண்டியின் உள்பக்கத் தகரத்திலேயே கணக்குப் போட்டோம். நான் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் சொல்லி, அது எவ்வளவு தூரம் உழைக்கும் என்றும் சொல்வேன். அவள் வகுத்து எழுதுவாள். அவளுக்கு வகுத்தல் என்னைவிட நன்றாக வரும்.

முதலில் டயர். நாலு டயர் பதினாறாயிரம் ரூபாய். நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது காசு. அப்போது பெரிய மகள் எட்டிப் பார்த்து, உலகத்தை ஒரு சுற்று சுற்றினாலே நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் நைனா, எங்கள் புத்தகத்தில் இருக்கிறது என்றாள். யோசித்துப் பாருங்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய்ப் போய் வந்தே, ஒவ்வொரு செட் டயரிலும் நான் உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறேன்!

அப்புறம் ஆயில், பிரேக், கிளட்ச், பேட்டரி. வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் இன்சூரன்ஸ், வரி, வண்டி ஓடத் தகுதி என்று சர்டிபிகேட் வாங்கும் எஃப்.சி. கடைசியில் வண்டியையே எழுதினோம். வண்டியும் ஒருநாள் ஓடாமல் நிற்கும், அன்றைக்கு வேறு வண்டி வாங்க வேண்டும் இல்லையா? டீசல் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்தான். எல்லாவற்றையும் கூட்டினால் பதினொரு ரூபாய்க்கு மேல் வந்தது. போக வர நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் செலவு. நான் வேலை கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டதோ ஆயிரத்து இருநூறு.

மனைவி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தகரத்தையே பார்த்தாள்.

"அப்போ இத்தன நாளா நாம வண்டியயே துன்னுக்கினு இருந்தோமா?"

இடது பாக்கெட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்த காசில் பாதிக்கு மேல், டயரும் பிரேக்கும் கிளட்சும்தான். அவற்றைத்தான் அரிசியாகவும் பருப்பாகவும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். கெட்ட நேரம் என்று ஒன்று வரவே இல்லை. வண்டிக்குத் தினம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டு, அது மொத்தமாகக் கேட்டபோது பயந்துபோயிருக்கிறேன்.

திங்கட்கிழமை கோடவுனுக்குப் போனேன். மற்றவர்கள் ஆயிரத்து ஐந்நூறு கேட்கும் இடத்தில் நான் ஆயிரத்து அறுநூறு கேட்கப் போகிறேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்க்கவும் தைரியம் இல்லை. இந்த வேலை போனால் சத்தியவேடுதான். அந்த அம்மா வண்டியில் ஏறி, தகரத்தில் இருந்த கணக்கைக் கடைசிவரை படித்தார். தப்பாகிவிட்டதோ என்று நான் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"கிளட்ச் பிளேட்டுக்கு வச்சிருக்கீங்க, பேட்டரிக்கு வச்சிருக்கீங்க. டிரைவர் எங்கண்ணா? வண்டி தானா வருமா?"

நான் என்னையே மறந்துவிட்டிருந்தேன். தேய்கிற எல்லாவற்றையும் எழுதிய நான், ஸ்டியரிங் பிடிக்கும் ஆளுக்குச் சம்பளம் எழுதவில்லை. அவரே சாக்பீஸை எடுத்து, கடைசி வரியில் ஐந்நூறு எழுதிக் கூட்டினார். இரண்டாயிரத்து நூறு. பிறகு, வியாபாரி அல்லவா, நூறு ரூபாயைக் குறைத்து இரண்டாயிரத்துக்குப் பேசி முடித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாத ஒரு ஆள், குறைந்த விலைக்கு ஓட்டத் தயாராக நின்றவனுக்கு, கணக்கைச் சொல்லிக்கொடுத்துக் கூடுதலாகக் கொடுக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் உங்களுக்காக இல்லை, என் முட்டைக்காகத்தான் என்று சொல்லிவிட்டு, மறுபடி விரிசல் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே என் மனைவி என் காக்கிச் சட்டைகளின் உள்பக்கம் மூன்றாவதாக ஒரு பாக்கெட் தைத்தாள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தினமும் டயருக்கும் மற்றதற்கும் உள்ள பங்கு முதலில் அதில் போகும். சாயங்காலம் அவள் அதை எடுத்துத் தனியாக வைப்பாள். ஸ்டாண்டில் இன்றைக்கும் கிண்டல்தான். டயருக்குத் தனி வாடகை வாங்குகிறவனே, ஹாரன் அடித்தால் அதற்கு எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டு பேர் மட்டும் தனியாக வந்து, உங்கள் வண்டித் தகரத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். காட்டினேன்.

போன மாதம் நாலு டயரும் மாற்றினேன். மைத்துனர் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. பழைய டயரைக் கூரைமேல் ஏற்றுமுன் கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

இப்போதும் காலையில் முட்டை ஏற்றிக்கொண்டு பாகாலா தாண்டும்போது ரோட்டைப் பார்ப்பேன்; என் டயரிலிருந்து போன அந்த ரப்பர் இந்தக் கறுப்பில்தான் எங்கேயோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாற்பது காசு, நாற்பது காசாக அதற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவதால்தான், சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வருகிற என் மகளை இன்றும் தினமும் பார்க்கிறேன்.