தட்டில் வந்த பிரவுசர்கள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன்.

அப்போது ஊட்டி விடுதி ஒன்றுக்கு அறை பதிவு செய்யும் இணையப் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகம் கோயம்புத்தூரில், நான் கோத்தகிரியில். இந்தப் பக்கம் அன்று மாலைக்குள் எல்லா ஃபோனிலும் ஒழுங்காக வேலை செய்தால் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். எனக்கு இந்தக் குளிரை விட்டுப் போக மனமே இல்லை.

மதியம் அவரிடமிருந்து செய்தி வந்தது: 'ஐஃபோனில் பதிவு பட்டனைக் காணோம்.' லேப்டாப் திரையை ஃபோன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். பட்டன் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுருக்கிய திரை ஃபோன் ஆகிவிடாது, நிஜ ஃபோன் கையில் வேண்டும். எங்கோ இருக்கும் ஃபோன்களை இணையம் வழியே இயக்கிப் பார்க்க வசதி உண்டு. ஆனால் மழையில் எங்கள் ஊர் நெட் அதற்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழ் கோத்தகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஜீப் வந்து நின்றது. டீத் தட்டோடு போனேன். மாப்பிள்ளையின் பெரியம்மா கையில் பளபளவென்று ஒரு ஐஃபோன்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்கம்மா, உங்க ஃபோனைக் கொஞ்சம் தர்றீங்களா?"

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். பெரியம்மாவோ சிரித்துவிட்டு, "எல்லாரும் குடுங்க, பொண்ணு கேக்குதுல்ல" என்றார். டீ கொடுத்த தட்டிலேயே ஃபோன்களை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பழைய பக்கம் ஃபோனின் நினைவிலிருந்து எழுந்து வந்து ஏமாற்றாமலிருக்க, ஒவ்வொன்றிலும் தனி ஜன்னலில் திறந்தேன். தேதி, பெயர், பட்டன் என்று எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் சோதித்தேன். ஐஃபோனில் மட்டும், பிரவுசரின் முகவரிப் பட்டை திரையின் அடியில் படுத்துக்கொண்டு என் பட்டனை மறைத்திருந்தது. திரையின் முழு உயரம் என்று எழுதியிருந்ததை, பட்டை போக மிஞ்சும் உயரம் என்று மாற்றினேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும் என்பதால் எல்லா ஃபோனிலும் மறுபடி முதலிலிருந்து. எல்லாவற்றிலும் பட்டன் வந்தது. குதித்தேன். கூடத்தில் திடீரென்று பேச்சு நின்றது.

ஃபோன்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் எழுந்து ஜீப்புக்குப் போனார்கள்.

"பையனைப் புடிச்சிருக்கா கண்ணு?" என்றாள் அம்மா.

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான். நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அவர் ஃபோனில் எந்தப் பிரவுசர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

'முடிந்தது' என்று மேலாளருக்கு அடித்து, அனுப்பப் போனேன். வாசலில் கிளம்பிய ஜீப் நின்றது. நீலச் சட்டை ஒன்று மழையில் தலையை நீட்டியது. நான் மூட மறந்த பக்கம் அவர் ஃபோனில் திறந்தே இருந்திருக்கிறது.

"ஏனுங்க! ஃபோனைப் படுக்க வெச்சா பட்டன் காணாமப் போகுதுங்க!"

ஐயோ! குறுக்கே திருப்பிப் பார்க்கவே இல்லையே நான்! விடுதிக்காரர்கள் கண்ணில் பட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். மாப்பிள்ளையின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். நனைந்துகொண்டே இன்னொரு முறை ஃபோனைத் திருப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஓடிச் சரிசெய்து, அவர் ஃபோனையே வாங்கி நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பார்த்துவிட்டு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: 'நன்று. அங்கிருந்தே வேலை பாருங்கள், சரியா?'

"சரி" என்று கத்தினேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு சரிங்கற? வேலைக்கா, பையனுக்கா?"

"ரெண்டுக்குந்தாம்மா."