சீனி வைத்துத் திருப்பிய தட்டு

பித்தளை அச்சின் ஓரத்தில் சோள மாவு சிவந்து, வெண்ணெயோடு சேர்ந்து லேசாகக் கருகும் வாசனை எங்கள் ஏழாவது மாடி முழுக்கப் பரவிவிட்டால், கிறிஸ்மஸுக்கு இன்னும் இரண்டே நாள் என்று பொருள். ஜார்ஜ்டவுனின் பழைய அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அம்மா, டின்னில் வரும் சோளத்தை மசித்து, மஞ்சள் சோள மாவும் முட்டையும் சேர்த்துக் குழைத்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு மீனும் பூவுமாக ஓவனில் சுட்டெடுப்பார். மலாயில் ஜாகோங் என்றால் சோளம்; எங்கள் வீட்டில் அதற்கு "ஜாகோங் கேக்" என்று பெயர். அம்மாவுக்குக் கைமணம் உண்டு. அது அந்த மாடியில் தமக்கு மட்டும்தான் உண்டு என்ற நினைப்பும் உண்டு.

எங்கள் மாடியில் ஆறு கத்தோலிக்க வீடுகள் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வேறொன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பின்னல் துணி போர்த்திய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய்வருவது பத்து வயதில் என்னுடைய உத்தியோகம். ஏழாவதாக ஒரு கத்தோலிக்க வீடும் இருந்தது, தாழ்வாரத்தின் கோடியில், குப்பைக் குழாயை ஒட்டி. அங்கே தட்டு போகாது. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போகாது, அவ்வளவுதான்.

அது ஸ்டெல்லாவின் வீடு. அவள் என் வகுப்பு, என் பக்கத்து இருக்கை, என் உயிர்த்தோழி. அவளுடைய அம்மா ரோசக்காதான் எங்கள் கட்டடத்தைக் கூட்டி, ஏழு மாடிக் குப்பையும் குழாய் வழியாக வந்து விழும் கீழ்த்தளத்துத் தொட்டியைக் காலையில் காலி செய்பவர். தட்டு வராத ஏக்கத்தை ஸ்டெல்லா ஒருநாள் பள்ளிப் பேருந்தில் சொன்னபோது, நான் ஏதோ ராணிபோல வழி சொன்னேன்.

"நீங்க முதல்ல அனுப்புங்க லா. அனுப்பிட்டா நீங்களும் தட்டு வீடுதான்."

அதோடு நிற்காமல், அம்மாவின் குறிப்பேட்டிலிருந்து ஜாகோங் கேக்கின் அளவுகளைத் திருட்டுத்தனமாக எழுதியும் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினேன். ரோசக்காவிடம் ஓவனும் இல்லை, பித்தளை அச்சும் இல்லை. பணியாரச் சட்டியில் மாவை ஊற்றி, மேலே கனமான மூடியைப் போட்டு, அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுச் சுட்டிருக்கிறார். அதனால் அவருடைய கேக்குகள் மீனாகவோ பூவாகவோ இல்லாமல் உருண்டை உருண்டையாக இருந்தன. அந்த மாடியில் வேறெந்த வீட்டிலும் அந்த உருவம் கிடையாது.

கிறிஸ்மஸ் அன்று மதியம் ஸ்டெல்லா புதுக் கவுன் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி வந்தாள். கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து பெரியம்மாவும் அவருடைய பிள்ளைகளும் ஃபெரி ஏறி வந்திருந்தார்கள். அம்மா தட்டை வாங்கி மேசையில் மற்ற பலகாரங்களோடு வைத்தார். பெரியம்மா ஒன்றைத் தின்றார், இன்னொன்றை எடுத்தார், தேங்காய்ப்பால் ஊற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பாராட்டினார், எந்த வீட்டுக் கைவண்ணம் என்று கேட்டார். என் தோழி வீடு என்ற பெருமையில் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பெரியம்மா கடித்த பாதியைத் தேநீர்த் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, குப்ப அள்ளுற கையில்ல அது?"

மூன்றாவது உருண்டைக்காக நீண்டிருந்த அம்மாவின் கை அப்படியே மடிக்குத் திரும்பியது. "உள்ள எடுத்துட்டுப் போ" என்றார் என்னிடம். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் நடந்தது எல்லாம் என் சொந்தச் சரக்கு. பெரியம்மாவின் பிள்ளைகள் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது: அவர்களைவிடப் பலமாகச் சிரிப்பது. அவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைக் குழாய்க்குப் போனேன். இரும்புக் கதவைத் திறந்து உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அது கீழே போய் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, டொப்பென்று கேட்டதும் கைதட்டினோம். பதினேழு உருண்டைகள். பக்கத்திலேயே ஸ்டெல்லாவின் வீட்டுக் கதவு. அது திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மாலையில் அம்மா, பலகாரம் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்காமல், தட்டைக் கழுவிச் சீனி வைத்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஒரு கைப்பிடி வைக்க வேண்டிய இடத்தில் நான் தட்டு நிறையக் குவித்தேன். நன்றாக இருந்ததா என்று ரோசக்கா வாசலிலேயே கேட்டார். "எல்லாம் முடிஞ்சிருச்சு, ஆன்ட்டி" என்றேன். அவர் கையால் வாயை மூடிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தார். அவருடைய முகத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

மறுநாள் பத்து மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. கோயிலுக்குக் கட்டும் புடவையில் ரோசக்கா நின்றார்; பக்கத்தில் ஸ்டெல்லா; கையில் அதே தட்டு, அதே மாதிரி உருண்டைகள், இன்னும் சூடாக. இரவு தங்கிவிட்டிருந்த பெரியம்மா குளியலறைக்குள் போனவர், எல்லாம் முடியும்வரை வெளியே வரவே இல்லை.

"டீச்சர், நேத்து குடுத்தது கைதவறிக் கீழ போயிருச்சு போல. காலையில தொட்டியில பார்த்தேன். இது உங்க வீட்டுச் சீனியிலயே சுட்டது. கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் செஞ்சேன். சாப்பிடுங்க."

குரலில் கோபமே இல்லை. உள்ளே வரச் சொன்னபோது வரவும் இல்லை. தட்டை நீட்டியபடி நின்றார். ஊருக்கே பாடம் சொல்லும் என் அம்மா, நின்றவாக்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். தட்டு நகரவில்லை. இன்னொன்றை எடுத்தார். பிறகு தட்டு என் பக்கம் திரும்பியது. நானும் தின்றேன். முந்தின நாளைவிட நன்றாகவே இருந்தது. ஸ்டெல்லா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்ட அம்மா, பழக்க தோஷத்தில் சீனி டப்பாவைத் திறந்தார்.

"சீனி வேணாம் டீச்சர். தட்ட மட்டும் குடுங்க."

வெறுந்தட்டோடு அவர்கள் தாழ்வாரத்தில் நடந்துபோனார்கள்.

அன்றிரவு அம்மா என்னை ரோத்தான் பிரம்பால் விளாசினார். கொட்டியதற்காக என்றுதான் நினைத்து அழுதேன். நாலாவது அடியில்தான் காரணம் விளங்கியது. "வேற எடத்துல போட்டிருக்கக் கூடாதா?" என்றார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை அவருக்கு மன்னிக்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பள்ளி திறந்ததும் ஸ்டெல்லா வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். ரோசக்கா மட்டும் வழக்கம்போல எங்கள் வாசலைக் கூட்டி, தினமும் தவறாமல் "குட்மார்னிங் டீச்சர்" என்றார். அந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் அவர்கள் வீடு மாறிப் போனார்கள்.

இப்போது அந்தக் குப்பைக் குழாயைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். தட்டு வீடுகளும் இல்லை. கைப்பேசியில் சொன்னால் பெட்டி வருகிறது. பெட்டியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அம்மாவும் போய்விட்டார். பித்தளை அச்சு என்னிடம் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. லிட்டில் இந்தியாவில் வாங்கிய பணியாரச் சட்டியில்தான் சுடுகிறேன், தேங்காய்ப்பால் ஊற்றி.

ஸ்டெல்லா செபராங் ஜெயாவில் இருப்பதாகத் தெரிந்து, போன கிறிஸ்மஸுக்குப் பழைய வகுப்புத்தோழி ஒருத்தி மூலம் ஒரு டின் நிறைய உருண்டைகள் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து டின் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியை இறுக்கி மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு துளி சீனி இல்லை. சாப்பிட்டார்களா, கொட்டினார்களா என்று கேட்க எனக்கு வாயில்லை.