முதல் வருடத்துக்குப் பிள்ளைகள் தேவை

போன ஞாயிறு ஓஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் ஒரு கூட்டம். “எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கள் பிள்ளையைச் சேர்க்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்” என்றேன். மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர். வாசலில் வடைத் தட்டோடு நின்றவர்களையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

ஒரேயொரு கை உயர்ந்தது.

அதுவும் தமிழ்க் கை அல்ல.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. தகுதியுள்ள எந்தக் குழுவும் பள்ளிக்கூடம் தொடங்க விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் கிடைத்தால் செலவின் பெரும்பங்கை அரசே தரும். பெற்றோரிடம் சிறு கட்டணம்தான் வாங்கலாம். ‘ஃப்ரீஸ்கூலே’ என்று பெயர். நான் சொல்வது வார இறுதித் தமிழ் வகுப்பு அல்ல — திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் முழுப் பள்ளிக்கூடம். நோர்வேஜியப் பாடத்திட்டம், கூடவே கொஞ்சம் அதிகக் கணிதம், கொஞ்சம் தமிழ்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். எனக்கு ஆசை வராதா?

செப்டம்பரில் தேர்தல். ஆட்சி மாறினால் சட்டமும் மாறும் என்கிறார்கள். அதனால் அவசரம். அவசரப்பட்டு நாங்கள் முதலில் என்ன செய்தோம்? கட்டடம் பார்த்தோமா? ஆசிரியர்களைத் தேடினோமா?

இல்லை. பதவிகளைப் பிரித்தோம்.

தலைவர் ஒருவர். உப தலைவர்கள் நால்வர். செயலாளர், உப செயலாளர், பொருளாளர், காப்பாளர், போசகர்... மொத்தம் பத்தொன்பது பேர். சட்டம் கேட்பது ஒரு நிர்வாக சபை. நாங்கள் அமைத்தது ஓர் ஊர்வலம்.

நல்லவேளை, சுகன்யா இருந்தார். ஹொல்ம்லியாவிலேயே ஓர் அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியை. இங்கேயே பயின்று பட்டம் எடுத்தவர். அதிபருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, நோர்வே ஏற்கும் கல்வியியல் தகுதி வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் கூட்டத்தில் அது இருந்தது அவரிடம் மட்டும்தான். சட்டத்தை வரி வரியாகப் படித்து எங்களுக்கு விளக்கியவரும் அவரே.

“லாபம் எடுக்க ஏலாது. மிஞ்சிறது முழுக்கப் பிள்ளையளுக்குத்தான் போகோணும்.”

பொருளாளருக்கு முகம் வாடியது. “அப்ப எனக்கு என்ன வேலை, தங்கச்சி?”

“கணக்குக் காட்டுறதுதான், அண்ணை.”

அடுத்தது கட்டடம். பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று சுகாதாரப் பகுதி அனுமதி தர வேண்டும். நாங்கள் பார்த்து வைத்திருந்த இடத்தில் நான் கழிவறைகளை எண்ணினேன். இரண்டு. அதில் ஒன்று பூட்டியிருந்தது. காற்றோட்டம்? ஒரே ஜன்னல், அதையும் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. ஆனாலும் வேறு இடம் பிடித்தோம் — மனமிருந்தால் ஓஸ்லோவில் கழிவறைக்கா பஞ்சம்?

பிறகு சுகன்யா மூன்றாவது நிபந்தனையைச் சொன்னார். “நாட்டிலை எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் சேர்க்கோணும். எங்கடை பிள்ளையள் மட்டும் எண்டு எழுதினால் விண்ணப்பம் அப்பிடியே திரும்பி வரும்.”

தலைவர் தவராசாவுக்குப் பிடிக்கவில்லை. “பிறகென்னத்துக்கு எங்கடை பள்ளிக்கூடம்?”

“நடத்திறது நாங்கள் எண்டதாலை, அண்ணை.”

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கூட்ட அறிவித்தலை நோர்வேஜிய மொழியிலும் எழுதி, நூலகத்திலும் கடை வாசலிலும் ஒட்டினார். “ஒருத்தரும் வராயினம், பேப்பர்தான் வீண்” என்றார் தவராசா.

ஒருவர் வந்தார். கிறிஸ்டின் என்ற நோர்வேஜியத் தாய். ஒரு மருந்துக்கடையில் வேலை. மகள் இந்த வருடம் முதலாம் வகுப்பு முடிக்கிறாளாம். கடைசி வரிசையில், சுகன்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முன்பே சுகன்யா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். “மாஸ்டர், பதினைஞ்சு பிள்ளையளுக்குக் கீழையே எண்ணிக்கை நிண்டால் அரசாங்கம் காசை நிப்பாட்டிப்போடும். பதினைஞ்சு பேராவது எண்டு உறுதி தாங்கோ, நான் என்ரை வேலையை விட்டுட்டு வாறன். இல்லாட்டி விண்ணப்பத்திலை என்ரை பேர் வேண்டாம். பிள்ளையள் இல்லாத பள்ளிக்கு நான் அதிபராயிருந்து என்ன செய்யிறது?”

நியாயம்தானே? அவர் பெயர் இல்லாவிட்டால் அதிபர் இல்லை. அதிபர் இல்லாவிட்டால் விண்ணப்பமே இல்லை.

பதினைந்து என்ன, ஐம்பது வரும் என்றுதான் நினைத்தேன். அன்று ஒவ்வொரு பேச்சுக்கும் அப்படிக் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைகளை உயர்த்தச் சொன்னபோது...

காரணங்கள் வந்தன.

“கட்டாயம் வேணும், மாஸ்டர். ஆனா எங்கடையவள் இப்ப நல்லாப் படிக்கிறாள். இடையிலை குழப்பக்கூடாது பாருங்கோ.”

“முதல் வருசம் எப்பிடிப் போகுதெண்டு பாப்பம். அடுத்த வருசம் நிச்சயம்.”

“ஓம் ஓம், அடுத்த வருசம்!”

எல்லோரும் இரண்டாம் வருடத்துக்குத் தயார். முதல் வருடம் இல்லாமல் இரண்டாம் வருடம் வரும் என்று எந்தக் கணிதத்திலும் நான் படிப்பித்ததில்லை.

அப்போதுதான் கிறிஸ்டின் கையை உயர்த்தினார். தவராசா என் காதுக்குள் குனிந்தார். “இப்ப இவவை என்ன செய்யிறது?”

“சேர்க்கிறது” என்றேன்.

கிறிஸ்டின் சுற்றிலும் பார்த்தார். பிறகு சுகன்யாவிடம் தன் மொழியில், கொஞ்சம் உரக்கவே கேட்டார்: “மற்றவர்கள் ஏன் கையை உயர்த்தவில்லை? இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?”

சுகன்யா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் அந்த மொழி தெரியும்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். அங்கே நான்கு உப தலைவர்களில் ஒருவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். என் மகன் ரஞ்சன், பள்ளிக்கூடம் போகும் என் பேத்தி ஆரணியின் அப்பா.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. எழும்பினேன். “பள்ளிக்கூட வயதில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள், பிள்ளையைத் தந்தால் பதவியில் இருக்கலாம். தராவிட்டால் பதவியைத் தந்துவிடுங்கள். அடுத்த ஞாயிறுவரை நேரம்.”

“இதுவும் நோர்வேச் சட்டமோ, மாஸ்டர்?” என்று யாரோ நக்கலாகக் கேட்டார்.

“இல்லை. இது என்ரை சட்டம்.”

எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரஞ்சனின் காரில் திரும்பினோம். சுரங்கப்பாதை தாண்டியதும் தொடங்கினான்.

“அப்பா, உப தலைவர் எண்டால் பிள்ளையையும் குடுக்கோணுமே?”

“வேறை என்னத்தைக் குடுப்பாய்? கைதட்டையோ?”

“ஆரணியின்ரை சிநேகிதியள் எல்லாம் இஞ்சைதான். நீங்கள் உங்கடை ஆசைக்கு அவளைப் பரிசோதிக்கப் பாக்கிறியள்.”

அது குத்தியது. பொய்யென்று சொல்ல முடியவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பு பரிசோதனைதான். ஆனால் கேட்டேன்: “அப்ப மற்ற ஆக்களின்ரை பிள்ளையளைப் பரிசோதிக்கலாமோ? அதுக்கு நீ தலைமை தாங்குவாயோ?”

அவன் ரேடியோவைப் போட்டான்.

இந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ஏழு பேர் பதவி விலகினார்கள் — அதில் மூவருக்கு என்மேல் கோபம். சிலர் பிள்ளைகளைத் தந்தார்கள். தவராசாவின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில், ஆகவே மனிதர் தப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை அழைத்தார்.

“மாஸ்டர், ஸ்ட்ரோம்மனிலை இருக்கிற என்ரை தங்கச்சியோடை ரெண்டு நாளாய்ச் சண்டை பிடிச்சனான். தன்ரை பிள்ளையள் ரெண்டு பேரையும் தாறாளாம்.”

“ஸ்ட்ரோம்மன் ஓஸ்லோவுக்கு வெளியிலையெல்லோ, தவராசா?”

“நாட்டிலை எந்தப் பிள்ளையையும் எடுக்கலாம் எண்டு சட்டம் சொல்லுதெல்லோ! நீங்கள் வாசிக்கேல்லையோ?”

கிறிஸ்டினின் மகளோடு சேர்த்துப் பதின்மூன்று.

நேற்றுக் காலை ரஞ்சன் வேலைக்குப் புறப்பட்டவன், வாசலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். “ஆரணியோடை கதைச்சனான். அந்த நொஸ்க் பிள்ளை, கிறிஸ்டினின்ரை மகள், நாய் வளக்கிறவளோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். எழுதுங்கோ, அப்பா.”

“உண்மையா நாய் இருக்கோ?”

“தெரியாது. நீங்கள்தான் விசாரிச்சுச் சொல்லோணும்.” கதவைத் திறந்தான். “ஆனா அந்த உப தலைவர் பதவி எனக்கு வேண்டாம். வேறை ஆருக்கும் குடுங்கோ.”

உடனே கிறிஸ்டினுக்கு அழைத்தேன். நாய் இருக்கிறது. நிம்மதி.

ஆக, பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். சுகன்யா அங்கேதான் முடிவு சொல்வார். நான் வாங்கோடு வாங்காக, வரிசை வரிசையாகப் போய்க் கேட்கத்தான் போகிறேன். ஊர் முழுக்க என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை.

இதை வாசித்துவிட்டு ‘கட்டாயம் வேணும், மாஸ்டர்’ என்று தலையாட்டுகிற அன்பரே... உங்கள் வீட்டில் ஆறேழு வயதில் யாராவது இருக்கிறார்களா?

அடுத்த வருடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.