ரெண்டே நிமிஷம்

சலவைக்கூடத்தில் அவனுக்கு ‘நிமிஷம்’ என்றுதான் பெயர். முப்பத்தாறு வயது, ஆட்டிசம் உள்ளவன். பெரிய மெஷின் ஒரு தடவை துவைக்க முப்பத்தெட்டு நிமிஷம் என்று கம்பெனிக்காரன் அடித்துச் சொன்னதை, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாற்பத்தொன்று என்று திருத்தியவன். அன்றிலிருந்து மேனேஜரே அவனைக் கேட்டுத்தான் வாய் திறப்பார்.

இப்போது பித்தப்பையில் கல். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். அவனோ ஆஸ்பத்திரி வாசலோடு இரண்டு தடவை திரும்பிவிட்டான். ஆறு வருஷம் முன்னால் பல் பிடுங்கப் போனபோது நாலு பேர் அமுக்கிப் பிடித்து மயக்கம் கொடுத்தார்களே, மறக்குமா? அன்று கூட இருந்த அக்காவுக்கும் மறக்கவில்லை.

அதனால் மயக்க மருந்து டாக்டரம்மா சிரித்த முகமாக வந்ததுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எந்த டாக்டர் சும்மா சிரிப்பார்? டியூப்லைட்டை அணைத்தார். கவுனில் உறுத்திய லேபிளை வெட்டினார். நர்ஸ்களை வெளியே அனுப்பினார். ஏதோ திட்டம் இருக்கிறது என்று அக்கா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். பின்னால் குப்பைக்கூடைதான் இருந்தது.

“எவ்வளவு நேரம்?” என்றான் தம்பி.

“ரெண்டே நிமிஷம்டா கண்ணு,” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

அவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

“சரியா தெரியாது,” என்றார் டாக்டரம்மா. “ஒரு மணி நேரமும் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். இந்தக் கப்புல மருந்து இருக்கு, கசக்கும். குடிச்சா தூக்கம் வரும், அப்புறம் உள்ள வெச்சு முழு மயக்கம் கொடுப்போம். வேண்டாம்னா கீழ வெச்சிடுங்க. யாரும் உங்களப் பிடிக்க மாட்டாங்க.”

இந்தம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? மருந்து இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? பதினைந்து வருஷமாக அவன் மாத்திரையை ஜாமில் மறைத்தே கொடுத்து வருபவள் அக்கா.

அவன் கடிகாரத்தைக் கழற்றினான். அக்கா கையை நீட்டினாள். அவன் அதை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பை வாங்கிக் குடித்தான். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

கண் விழித்து நன்றாகத் தெளிந்தபோது தலைமாட்டில் கடிகாரமும் டாக்டரம்மா எழுதிய ஒரு சீட்டும் இருந்தன. தூங்கியது 9.14, எழுந்தது 10.51.

“தொண்ணூத்தேழு நிமிஷம்,” என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். “பல்லுக்கும் நீ ரெண்டுன்னுதான் சொன்ன. நாப்பத்தாறு ஆச்சு.”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக ஆஸ்பத்திரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் கை தானாகப் பையிலிருந்த ஜாம் பாட்டிலைத் தேடியது. எடுத்தவள் திரும்ப உள்ளேயே வைத்தாள். மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“மாத்திரைடா. கசக்கும்.”

“ஜாம்லயும் கசக்கும்,” என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.