ஆளில்லாத ஒரு படம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கேமரா இருந்ததாம். அது ஸ்டூடியோ முதலாளியுடையது, தூக்கி அலைந்தது நான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிது. கல்யாணம், காதுகுத்து என்று கிராமம் கிராமமாக சைக்கிளில் போவேன். வழியில் குருவியைக் கண்டால் இறங்கிவிடுவேன். என்னைப்போல் பறவைப் படமெடுப்பதில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பறவை நிற்காது, மனிதர் நகரமாட்டார். என் பறவைப் படங்களிலெல்லாம் யாராவது சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார்: இந்த ஃபிலிம் ரோலில் ஆளில்லாமல் ஒரு பறவை வராவிட்டால், கல்யாணம் இல்லாத நாளில் கேமரா பீரோவுக்குள்தான்.

வில்லியனூர்க் கொக்கு

வாய்க்கால் மதகில் கொக்கு. குனிந்து நெருங்கினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், பாவம், எனக்கு உதவியாக இருக்கட்டுமென்று கையைக் கழுவிவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். கொக்கு போயே போய்விட்டது. மண்வெட்டியோடு வரப்பில் நின்றவர், நான் புது சர்க்கார் ஆளா என்று விசாரித்தார். கொக்குக்காக வந்தேன் என்றதை அவர் நம்பவில்லை.

"வெள்ளக்காரன் எங்களத்தான் எண்ணிக்கினு இருந்தான். நீங்க கொக்கையும் எண்றீங்களாபா?"

பனித்திட்டுக் கருடன்

படகு கரைசேரும் நேரம் செம்பருந்து வட்டமிடும். மணலில் மல்லாந்து காத்திருந்தேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் இரக்கப்பட்டு, ஒரு மத்தியை மேலே வீசினார். பருந்து என் தலைக்கு நேராகவே இறங்கியது. கருடனின் வெள்ளைக் கழுத்தைக் கண்டதும் என் இரண்டு கையும் கேமராவை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டன. சின்ன வயசிலிருந்து பழகின கை. அக்காவும் போட்டுக்கொண்டார். படம் போச்சே என்று விழித்தேன்.

"கும்புட்ட இல்ல, அப்புறம் இன்னா? படத்துல வந்தாலும் இதத்தானடா செய்வ."

அபிஷேகப்பாக்கத்து ஆள்காட்டி

ரோலில் மிச்சம் ஒரே படம். கோடை உழவு நடந்த கொல்லையில் ஒரு திட்டு மட்டும் உழாமல் கிடந்தது. அதில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். உழுதவர் ஏரை வளைத்து ஓட்டியிருந்தார். குஞ்சு பொரிந்து ஓடும்வரை அங்கே ஏர்க்கொழு படாது, அது அவர்கள் வழக்கம். நான் கரும்போரம் பதுங்கினேன். குருவி இறங்கவில்லை, மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

பார்த்தால், உழுதவர் சட்டையை மாட்டி, தலையைக் கையாலேயே வாரி, முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவரை யாரும் இதுவரை படமெடுத்ததில்லையாம். ஆள் நின்றால் குருவி உட்காராது, முட்டை வெயிலில் காய்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். முட்டையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானை மட்டும் கழற்றவில்லை.

"நா போறதப் பாத்தா வந்து குந்தும். படத்துல முதுவு வுழுந்தாலும் பரவால்ல தம்பி, எடுத்துடு."

மாடுகளை ஓட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நடந்தார். குருவி தத்தித் தத்தி வந்து முட்டைமேல் அமர்ந்தது. படத்துக்குள்ளிருந்து அவர் விலக இன்னும் நாலு எட்டுதான். கேமரா பீரோவுக்குப் போகும் என்று தெரியும், காத்திருக்காமல் அழுத்திவிட்டேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பாமல் வரப்பேறி மறைந்தார்.

ஆள் போகட்டும் என்று காத்திருந்து, போகிற ஆளைப் படமெடுப்பதுதான் நம் தொழில்.