ஒன்பது வயது அக்கா

பெரியம்மாவின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு தங்கினாள். எனக்கு அக்கா. ஆனால் சில நேரங்களில் அவளுக்கு ஒன்பது வயதாகிவிடும். வேறு பெயர் சொல்லி, என்னையே 'அண்ணா' என்பாள். ஒருவருக்குள் பலர் பிரிந்து வாழும் நோய் இதென்றும், வருகிறவளை விரட்டாமல் யாரென்று கேட்டுப் பழக வேண்டுமென்றும் டொக்டர் சொன்னார். நான் புத்தகங்களைத் தேடி வாசித்து, நாளுக்குப் பத்துத் தடவை கேட்டேன்.

"இப்ப கதைக்கிறது ஆர்?"

"நான்தான், விசர் அண்ணா!"

என்னைப் பைத்தியமென்று கேலி செய்து, கூச்சமில்லாமல் அந்தச் சின்னவளின் பெயரும் சொன்னாள். குணமாகிறாள் என்று நம்பினேன்.

அது போர்க்காலம். ஒருநாள் காலி நகருக்குப் போகும் வீதியிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் பெயரைக் கேட்டான். அவள் சிரித்தபடி சின்னவளின் பெயரைச் சொன்னாள். அட்டையில் இருந்ததோ அக்காவின் பெயர். அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நோயை விளங்கப்படுத்தினேன்; அவன் கேட்கவில்லை.

"அண்ணா, இந்த மாமா ஏன் கையைப் பிடிக்கிறார்?" என்றபடி ஜீப்பில் ஏறினாள்.

மூன்றாம் நாள் விட்டார்கள். வந்தவள் எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல்ல பயமில்லாத இடம் ஒண்டு வேணும் தம்பி. அதுக்குப் பிறகுதான் வைத்தியம்," என்றார் டொக்டர்.

"எங்க சேர்?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.